முரசறைந்தவர்க்கு ஒரு வாழ்த்து

(சென்னை மாநகராட்சியின் மக்கள் தொடர்புப் பணியிலிருந்து ஓய்வுபெறும் அலுவலர் ஒருவர்க்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஓய்வுபெறுவாரைப் பாராட்டும் கூட்டங்களில் பொன்னாடை மிகுதியாகவும், அவர் செய்த பணியைப் பற்றிய பேச்சுக் குறைவாகவும் இருப்பதை நாம் காண்கின்றோம். நான் பொன்னாடை கொண்டுவரவில்லை. ஒரு கடனை ஒப்புக்கொள்ள வந்துள்ளேன். தமிழைப் பிழைப்பாகவும் உயிர்ப்பாகவும் கொண்ட தமிழாசிரியன் நான். ஆயினும், தமிழை எதற்காக எழுதுகின்றோம் என்பதை இவ்வலுவலரிடந்தான் கற்றேன். அதனைச் சொல்ல எனக்கு நாணமில்லை.

மக்கள் தொடர்பு அலுவலர் என்றால், மேயர் நாடா வெட்டும் படத்தைச் செய்தித்தாளுக்கு அனுப்புபவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அதுவும் அப்பணியில் ஒரு கூறுதான். ஆனால் குழாயில் நீர் வாராத நாள் எது, கால்வாய் தூர்வாரும் தெரு எது, தடுப்பூசி போடும் இடம் எது, வெள்ளம் வருமுன் எங்கே செல்லவேண்டும் என்பனவற்றை ஊரார் செவியிற் சேர்ப்பதே அப்பணியின் உயிர்நாடி.

இப்பணி நேற்று முளைத்ததன்று. மணிமேகலையின் முதற் காதைக்கு 'விழாவறை காதை' என்று பெயர். புகார் நகரில் முதுகுடிப் பிறந்த ஒருவன், வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, இந்திர விழாவை அறிவிக்கின்றான். முதலில் ஊரையும் வேந்தனையும் வாழ்த்துகின்றான். பின்னர், தெருக்களில் வாழையும் கரும்பும் நடுமாறும், பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்புமாறும் சொல்கின்றான். விழா நடக்கும் 28 நாளும் பகைவரோடு பூசலிடாமல் விலகிச் செல்லுமாறும் கூறுகின்றான். அவன் ஏவும் சொற்களைப் பாருங்கள். எல்லாம் முன்னிலை வினைகள். செய்யுங்கள், விலகுங்கள் என நேரே நின்று பேசும் வினைகள். யார் செய்வது, எங்கே செய்வது, எத்தனை நாள் என்பதில் ஐயமே இல்லை. மாநகராட்சி அறிவிப்புக்கு இதனினும் சிறந்த இலக்கணம் நான் கண்டதில்லை.

இனி என் கடனுக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், டெங்குக் காய்ச்சல் பரவிய மழைக்காலத்தில், இவர் ஓர் அறிவிப்புத் தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, மேலிருந்து வந்த வரைவு இது. நல்ல தமிழாக்கித் தரவேண்டும்" என்றார். அதில், "வாட்டர் கன்டெய்னர்களை கிளீனாக மெயின்டெயின் செய்யவும்" என்று இருந்தது. எனக்குச் சினம் பொங்கியது. எழுதுகோலை எடுத்து, "நீர்க் கொள்கலன்களின் உட்புறத் தூய்மை முறையாகப் பேணப்படல் வேண்டும்" என்று திருத்திப் பெருமிதத்தோடு நீட்டினேன். பிறமொழிச் சொல் ஒன்றுமில்லை. இலக்கணப் பிழையும் இல்லை.

இவர் அதைப் பார்த்தார், மறுத்துரைக்கவில்லை. அந்நேரம் எங்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மையாரை அழைத்து, என் தொடரைப் படித்துக் காட்டி, "அம்மா, இதைக் கேட்டால் வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அவ்வம்மையார் சற்று எண்ணிப் பார்த்து, "நல்லா இருக்குங்க. ஆனா என்ன செய்யச் சொல்றீங்க?" என்றார்.

நான் தலைகுனிந்தேன். அப்போது இவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். டெங்குவைப் பரப்பும் ஏடிசுக் கொசு சாக்கடையை நாடுவதில்லை; நம் வீட்டுத் தொட்டியிலும் குடத்திலும் தேங்கும் தெளிந்த நீரையே நாடும். நீரின் விளிம்பை ஒட்டித் தொட்டிச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் முட்டை போகாது. காய்ந்த நிலையிலும் பல திங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர்பட்டால் பொரிக்கும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை சுவரைத் தேய்த்தாக வேண்டும். "ஐயா, இந்த அறிவிப்பின் உயிர் 'தேய்த்து' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அது மேலிருந்து வந்த வரைவிலும் இல்லை, உங்கள் தமிழிலும் இல்லை" என்றார்.

பிறகு அவரே எழுதினார்: "ஞாயிறுதோறும் தொட்டியையும் குடத்தையும் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். காயவைத்து நீர் பிடியுங்கள். இறுக மூடுங்கள்." அன்பர்களே, இதில் எந்தச் சொல் தமிழன்று? எந்தச் சொல் எந்தத் தாய்க்கு விளங்காது? நான் சொல்லைத் தூய்மை செய்தேன். இவர் தொட்டியைத் தூய்மை செய்தார். இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்றும் காட்டினார்.

2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை இங்குள்ள யாரும் மறந்திருக்க முடியாது. திசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசின் கணக்குக் கூறுகின்றது. அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஈக்காட்டுத்தாங்கலும் நீரில் மூழ்கின. கன அடி என்பது பொறியாளர்க்கு உரிய அளவு. ஆற்றோரக் குடிசையில் குழந்தையை உறங்கவைத்த தாய்க்கு அவ்வெண் எதனைச் சொல்லும்? "உங்கள் தெருவுக்கு நீர் வரும், இத்தனை மணிக்குள் வெளியேறுங்கள், இந்தப் பள்ளிக்குச் செல்லுங்கள்" என்றால் அவள் எழுந்து நடப்பாள். அவ்வெள்ளத்திற்குப்பின் இவர் தாம் எழுதும் மழை அறிவிப்பு ஒவ்வொன்றிலும் தெரு, நேரம், புகலிடம் என்னும் மூன்றும் இல்லாமல் கையொப்பம் இடுவதில்லை எனத் தமக்குத்தாமே விதி வகுத்துக்கொண்டார். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போகும் வேளைக்கெனத் தானியில் ஒலிபெருக்கி கட்டிப் படிக்கத்தக்க சிறு தொடர்களையும் எழுதி வைத்தார்.

2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது, 'குவாரன்டைன்', 'கன்டெயின்மென்ட் சோன்' என்று புதுச்சொற்கள் ஒவ்வொரு நாளும் தெருவில் இறங்கின. மக்கள் நோய்க்கு அஞ்சியதைவிட அச்சொற்களுக்கு அஞ்சினர். இவரோ, "இந்த வீட்டார் 14 நாள் வெளியே வரமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய பொருள் வாயிலுக்கு வரும். அவர்களை ஒதுக்காதீர்கள்" என்று எழுதினார். இறுதித் தொடரை எவரும் எழுதச் சொல்லவில்லை. புகாரில் முரசறைந்தவன் பகை வேண்டா என்று சொன்னானே, அந்த மரபு இது.

பெருமக்களே, 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் ஆங்கிலத்தில் எண்ணி, ஆங்கிலத்தில் வரைந்து, இறுதியில் தமிழுக்கு மாற்றுகின்ற பழக்கம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வாறு பிறக்கும் அறிவிப்பில் 'அறிவுறுத்தப்படுகிறது', 'மேற்கொள்ளப்படும்' என்று செய்வினை மறைந்து, செய்பவனும் மறைந்துவிடுகின்றான். தமிழ் எழுத்தில் இருப்பதெல்லாம் தமிழாகிவிடாது. அதுபோலவே, நம்மைப் போன்றோர் அகராதியைப் புரட்டி எழுதுவதெல்லாம் மக்களுக்குத் தமிழாகிவிடாது. முதற் குற்றத்தை நாம் ஓயாமல் இடித்துரைக்கின்றோம். இரண்டாம் குற்றத்தையும் நாமே திருத்திக்கொள்ளல் வேண்டும். ஊரார் நாவில் வழங்கும் நல்ல தமிழ்ச்சொல்லைத் தேடி எடுப்பதே தூயதமிழ்த் தொண்டின் முதற்படி. அது கிடைக்காத இடத்தில்தான் புதுச்சொல் படைக்கவேண்டும்.

திருவள்ளுவர் 'அமைச்சு' என்னும் அதிகாரத்தை அடுத்துச் 'சொல்வன்மை'யை வைத்தார். ஆட்சியில் இருப்பவனுக்குச் சொல் அணிகலனன்று, கருவி என்பதே அவ்வைப்பின் பொருள் என்று நான் கொள்கின்றேன்.

இப்போது என் கவலையையும் சொல்லிவிடுகின்றேன். நாளை இவர் நாற்காலியில் வேறொருவர் அமர்வார். 2011இல் மாநகராட்சி 200 வட்டங்களாக விரிந்துவிட்டது. அறிவிப்புகள் கைப்பேசியில் நொடியில் பறக்கின்றன. விரைவு கூடக்கூடச் சொல்லைப் படித்துப் பார்க்கும் பொறுமை குறைகின்றது. இவர் போனபின் அந்தப் பொறுமையும் இவரோடு போய்விடுமோ என அஞ்சுகின்றேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஐயா, நீங்கள் பல்லாண்டு எழுதிச் சேர்த்த அறிவிப்புகளைத் தொகுத்து, உங்களுக்குப்பின் வருவார்க்கு ஒரு கையேடாக விட்டுச் செல்லுங்கள். எழுத்துப்பிழை பார்க்க நான் வருகின்றேன். சொல்லைத் திருத்த வரமாட்டேன். மாநகராட்சி அன்பர்களே, எந்த அறிவிப்பும் வெளியாகுமுன் ஒரு தூய்மைப் பணியாளரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் "என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டால், அத்தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

மழை இரவுகளில் வீட்டுக்கு வாராத கணவரைப் பொறுத்தருளிய அம்மையார்க்கு இந்நகரம் கடன்பட்டுள்ளது. இனியேனும் மழை பெய்கையில் இருவரும் ஒருங்கே அமர்ந்து அதன் ஓசையைக் கேட்டு மகிழ்க! முரசறைந்த பெருமகனார் நீடு வாழ்க! அவர் எழுதிய எளிய நற்றமிழ் இந்நகர்த் தெருக்களில் என்றும் ஒலிக்க!