காசு கேட்ட பெட்டியும் கணக்குக் காட்டாத கைப்பேசியும்



'அந்தக் கால வீடியோ விளையாட்டுக்கு ஈடு இல்லை' என்று முன்னர் பேசிய நண்பர் உருக்கமாகச் சொன்னார். அரங்கில் பல தலைகள் அசைந்தன. நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு அந்தப் பெட்டிகளின் ஒலி இன்றும் காதில் இனிக்கிறது. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இனித்தது விளையாட்டா, இளமையா என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. வரிசை வரிசையாக இறங்கி வரும் வேற்றுலக உயிர்களைச் சுட வேண்டும். சுடச் சுட, மிஞ்சியவை வேகமாகப் பாய்ந்து வரும். அது திட்டமிட்டுச் செய்த வேலையன்று. திரையில் உருவங்கள் நிறைந்திருந்தபோது அந்தச் சின்னஞ்சிறு கணினிக்கு மூச்சு வாங்கியது. உருவங்கள் குறைந்ததும் அது வேகம் பிடித்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். உலகமெங்கும் இளையர்களின் நெஞ்சு படபடத்தது அந்த இயந்திரத்தின் இயலாமையால்தான்!

1980இல் வந்த 'பேக்மேன்' கதையும் அப்படியே. அதற்கு முடிவென்று ஒன்றை யாரும் எழுதவில்லை. கட்டங்களை எண்ணும் இடம் 255க்கு மேல் தாங்காது. எனவே 256ஆவது கட்டத்தில் பாதித் திரை குப்பையாகிவிடும். அதுவரை போனவருக்கு அதுவே முடிவு.

அதற்காக அந்தப் பெட்டிகள் அப்பாவிகள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு காசுக்கு எத்தனை உயிர் என்பதைக் கடைக்காரரே பெட்டிக்குள் இருக்கும் சிறு விசைகளைத் தள்ளி மாற்றிக்கொள்ளலாம். பின்னாளில் வந்த பெட்டிகள் ஆட்டம் முடிந்ததும் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, இன்னொரு காசு போடச் சொல்லி அவசரப்படுத்தின. பெற்றோர் அப்போதும் கவலைப்பட்டார்கள். பிலிப்பீன்ஸில் 1981ஆம் ஆண்டு அதிபர் மார்க்கோஸ் வீடியோ விளையாட்டுகளையே தடை செய்தார்.

ஆனாலும் ஒன்று உண்டு, நேயர்களே. அந்தப் பேராசை கண்ணுக்குத் தெரிந்தது. காசு கையில் இருந்தது, பெட்டிக்குள் விழுந்தது, 'டிங்' என்று சத்தமும் கேட்டது. பை காலியானால் பிள்ளை வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்த விளையாட்டு அதைவிட நேர்மையானது. 1990களில் மலேசியாவில் வளர்ந்த பலருக்கு 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டி நினைவிருக்கும். நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' விளையாட்டுகளை ஓட்டிய நகல் இயந்திரம் அது. அதில் ஓடிய 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985இல் வெளிவந்தது. முழு விளையாட்டும் வெறும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கும். இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். ஆனால் ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், எட்டு உலகமும் வாங்கியவருக்கே சொந்தம்.

இன்றைய கைப்பேசி விளையாட்டுகளில் பல இலவசம். உள்ளே போன பிறகுதான் வைரம், பொற்காசு, பெட்டகம் என்று கடை விரிகிறது. அங்கே வெள்ளி வெள்ளியாகத் தெரிவதில்லை. எண்பது வைரம் தேவையென்றால் நூறு வைரமாகத்தான் விற்பார்கள். மிச்சம் இருபது இருக்கிறதே என்று பிள்ளை மறுபடியும் வாங்கும். பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதோ பணம் கட்டிய பிறகுதான் தெரியும்.

இதைச் சூதாட்டம் என்று சொல்வது பழமைவாதிகளின் புலம்பலா? சீட்டு சீட்டாக இழுத்து ஒரு தொகுப்பை நிறைவு செய்தால் அரிய பரிசு என்ற முறை சட்டவிரோதம் என்று 2012இல் ஜப்பானிய அரசே அறிவித்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில பெரிய விளையாட்டுகளின் பெட்டகங்கள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாகச் சொன்னது. சீனா 2021இல் வேறு வழியில் போனது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் இணையத்தில் விளையாட வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே அனுமதி. இங்குள்ள பெற்றோரும் பெரும்பாலும் நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள். "எத்தனை மணி நேரம் விளையாடினாய்?" என்று கேட்பவர்கள், "உள்ளே எதை, என்ன விலைக்கு விற்கிறார்கள்?" என்று கேட்பது அரிது.

புதியதில் நன்மையே இல்லை என்பதும் நியாயமாகாது. கை கால் இயக்கம் குறைந்தவர்களுக்கென்றே 2018இல் மைக்ரோசாஃப்ட் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி கொண்டுவந்தது. அந்தக் காலப் பெட்டிகள் பெரும்பாலும் அவர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

எதிர்த்துப் பேசவிருக்கும் நண்பர்கள் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும். 'தி குரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2014இல் காசுக்கு விற்கப்பட்டது. தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சேவைக் கணினியோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31ஆம் தேதி அந்தக் கணினிகளை நிறுத்திவிட்டார்கள். வட்டு வாங்கியவர் வீட்டில் வட்டு இருக்கிறது, ஆட்டம் இல்லை. அவர் அன்று காசு கொடுத்து வாங்கியது எதை?