கணனிக்கு ஏற்ற குளிர்ச்சி

(கோப்பாயில் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று எமக்குத் தரப்பட்ட பொருள், 'சொந்தமாகக் கட்டும் கணனிக்கு லிக்குவிட் கூலர் தெரிவு செய்வது எவ்வாறு?' என்பதாகும். இதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறதைப் பற்றியும் ஒரு பேச்சு வையுங்கோவன்" என்று பகடியாகச் சொன்னார். பகடியாயினும் அதில் உண்மை உண்டு. நீரை ஓட்டுவதே இரண்டிடத்தும் வேலை. தோட்டத்தில் நீர் பயிரைத் தேடி ஓடுகிறது. கணனியில் நீர் சூட்டைச் சுமந்து ஓடுகிறது. அவ்வளவே வேற்றுமை.

பிறருக்குப் புத்தி சொல்ல வந்தவர் முதலில் தமது பிழையைச் சொல்லுதல் முறை. ஆகவே எமது பிழையிலிருந்தே தொடங்குகின்றோம்.

நாம் நால்வர் சேர்ந்து, ஊர்ப் பிள்ளைகள் வீடியோ தொகுக்கவும் கட்டட வரைபடம் வரையவும் பழகும்பொருட்டு ஒரு கணனியைக் கட்டினோம். அதற்கான பணத்திற் பெரும்பகுதி இச்சபையில் இருக்கும் பலர் மனமுவந்து தந்தது. வெங்காயம் விற்ற காசும், சீட்டுக் காசும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசும் அதில் இருந்தன. நாம் வாங்கிய புறோசசர் 65 வாற்று எனக் குறிக்கப்பட்ட ஒன்று. அதனோடு ஒரு சிறிய எயார் கூலரும் பெட்டியிலேயே வந்திருந்தது. அதனை அலுமாரியில் வைத்துவிட்டு, மூன்று விசிறிகளும் நிறநிறமாய் மின்னும் 360 மில்லிமீற்றர் லிக்குவிட் கூலரொன்றை வாங்கினோம். கண்ணாடியூடாகப் பார்க்க அழகாயிருந்தது. அந்த அழகிற்கு நாம் கொடுத்த விலை யாதெனில், யூபிஎஸ் வாங்கக் காசு மிஞ்சவில்லை.

பெட்டியின் மேற்பக்கத்தில் அதனைப் பொருத்த முயன்றபோது, உயரமான மெமரிச் சட்டங்கள் விசிறியை இடித்தன. ஆகவே பெட்டியின் அடியில் பொருத்தினோம். சில வாரங்களில் உள்ளே கொளகொளவென்று ஒரு சத்தம் எழுந்தது. விசிறியென எண்ணி விசிறியைக் கழற்றித் துடைத்தோம்; சத்தம் நிற்கவில்லை. மாதங்கள் சில சென்றன. ஒருநாள் எம்முள் ஒருவரின் தகப்பனார், தோட்டத்தால் வந்தவர், வாசலில் நின்றபடியே காதைக் கொடுத்துக் கேட்டார். "தம்பிமார், இது மிசினுக்குக் காத்துப் பிடிச்ச சத்தமெல்லே! பம்பை எங்கை வைச்சிருக்கிறியள்?" என்றார். கணனியை அவர் ஒருநாளும் தொட்டறியாதவர். ஆயினும் எமக்குப் பல மாதமாக விளங்காததை ஒரு நொடியிற் கண்டுகொண்டார்.

அவர் கண்டது எது என்பதை விளக்குவோம். இக்கருவியிற் பாகங்கள் நான்கு. புறோசசரின்மேல் அமரும் செப்புத் தகடு ஒன்று; பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே இருக்கும் சிறு பம்ப் ஒன்று; இரண்டு இறப்பர்க் குழாய்கள்; விசிறிகளோடு கூடிய றேடியேற்றர். புறோசசரின் சூட்டைத் தகடு வாங்கி நீருக்குக் கொடுக்கும். பம்ப் அந்நீரை றேடியேற்றருக்கு ஓட்டும். விசிறி அங்கே சூட்டைக் காற்றிற் கலக்கும். லொறியின் முன்புறத்தில் நடைபெறுவதும் இதுவே. குழாய்க்குள் எப்பொழுதும் சிறிது காற்று இருக்கும். ஆண்டு செல்லச் செல்ல இறப்பரினூடாக நீர் மிகச் சிறிதாகக் குறைவதனால் காற்றின் அளவும் கூடும். காற்று எப்பொழுதும் உயர்ந்த இடத்தை நாடும். றேடியேற்றரை அடியில் வைத்தால் உயர்ந்த இடம் பம்ப் ஆகிவிடும். காற்றைக் குடித்த பம்ப் சத்தமிடும், தேயும், ஈற்றில் நின்றும் போகும். றேடியேற்றரை மேலே வைத்தல் நன்று. முன்பக்கத்தில் வைப்பதாயின், அதன் மேல்விளிம்பு பம்பைவிட உயர்ந்திருத்தல் வேண்டும்.

அன்றே முன்பக்கத்துக்கு மாற்றினோம்; சத்தம் அடங்கியது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பம்ப் இரண்டு மாதத்தின்பின் ஒரு மாலை நின்றுவிட்டது. மறுநாட் காலை, எம் உறுப்பினர் ஒருவர் தாம் தொகுத்த வீடியோவை வேலைக்கான விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டியிருந்தது. கணனி ஏறிய சில நிமிடத்திலேயே சூடேறித் தானாக அணைந்தது. அவர் முகத்தைப் பார்க்க எமக்குத் துணிவில்லை. அப்பொழுதுதான் அலுமாரியிற் கிடந்த அந்தச் சிறிய கூலர் நினைவுக்கு வந்தது. பசையைத் துடைத்துப் புதுப்பசை இட்டு அதனைப் பூட்டினோம். விசிறி இரைந்தது உண்மை. ஆனால் வேலை விடியுமுன் முடிந்தது. காசு கொடாமல் வந்த பொருள், காசைக் கொட்டி வாங்கிய பொருள் கைவிட்ட இடத்திற் காத்தது. பின்னர் நடுத்தரமான எயார் கூலரொன்றை வாங்கிப் பூட்டினோம். இன்றுவரை அதுவே ஓடுகின்றது.

இதனைக் கேட்டு, லிக்குவிட் கூலர் கூடாத பொருள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பிழை பொருளில் இல்லை. எமது தெரிவிலும் பொருத்தியதிலுமே இருந்தது. 1985 ஆம் ஆண்டில் வெளிவந்த கிறே-2 என்னும் பேராற்றற் கணனியின் மின்பலகைகள் மின்கடத்தாத் திரவத்தினுள் அமிழ்த்தப்பட்டே இயங்கின. 2004 இல் அப்பிள் நிறுவனம் தனது பவர் மாக் ஜி5 கணனியில் நீர்க்குளிர்ச்சியைப் புகுத்தியது. காலஞ்செல்ல அவற்றுட் சிலவற்றிற் கசிவு ஏற்பட்டதும் பலர் அறிந்ததே. இன்று செயற்கை நுண்ணறிவுக்கென என்விடியா நிறுவனம் ஒரே அடுக்கில் 72 கிறபிக்ஸ் புறோசசர்களை வைத்துக் கட்டும் பெருங்கருவிகள் திரவக் குளிர்ச்சியின்றி இயங்கமாட்டா. தேவையுள்ள இடத்தில் நீருக்கு நிகர் இல்லை. எமது தேவை யாது என்பதே கேள்வி.

ஆகவே கடைக்குச் செல்லுமுன் இளைஞர்கள் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்விகள் சிலவற்றைச் சொல்லுகின்றோம்.

முதலாவது கேள்வி: எமது புறோசசர் எவ்வளவு சூட்டை வெளிவிடும்? ஏஎம்டி றைசன் 5 7600 என்பது 65 வாற்று எனக் குறிக்கப்பட்டது. இன்டெல் ஐ5-12400 என்பதும் 65 வாற்று எனவே குறிக்கப்பட்டாலும், முழுவேகத்தில் 117 வாற்று வரை செல்லும். இவற்றிற்கு எயார் கூலரே போதும். றைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாற்றுக்காரன். அவனுக்கும் நல்ல எயார் கூலர் போதும். ஆனால் இன்டெல் ஐ9-14900கே முழுவேகத்தில் 253 வாற்று வரை எடுக்கும். அதனை நாள்முழுதும் கடும் வேலை வாங்குபவருக்கு 360 மில்லிமீற்றர் லிக்குவிட் கூலர் ஆடம்பரமன்று, அவசியம். பெட்டியிற் குறித்த முதல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாது, உச்ச எண்ணையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எமது அறை எவ்வளவு சூடு? மண்பானைத் தண்ணீர் குளிர்வதைக் கண்ட சிலர், லிக்குவிட் கூலரும் அவ்வாறு குளிரூட்டும் என எண்ணுகின்றனர். பானையின் நீர் கசிந்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டு செல்வதனால் அது காற்றினும் குளிர்கிறது. மூடிய குழாயில் ஓடும் நீர் ஆவியாவதில்லை. எனவே அது அறைக்காற்றினும் குளிர்ந்ததாக ஒருபோதும் ஆகாது. சித்திரை வெயிலில் அறை 33 பாகையில் இருந்தால், குழாய்நீர் அதற்கு மேலேயே நிற்கும். ஆயிரக்கணக்கிற் செலவிட்டுக் கூலர் வாங்குமுன், பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் வைத்து, யன்னலைத் திறந்துவிடுதல் காசில்லாத குளிர்ச்சியாகும். றைசன் 5 7600 இன் வெப்ப எல்லை 95 பாகை. அதனை அணுகினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 70, 80 என்று கண்டு பதறவேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி: பெட்டி கொள்ளுமா? றேடியேற்றரின் பரப்பைக் கணக்கிடுவோம். 240 என்பது 288 சதுர சென்ரிமீற்றர். 280 என்பது 392. 360 என்பது 432. ஆகவே 360 கொள்ளாத பெட்டியில் 280 கொள்ளுமாயின் அதிக நட்டமில்லை. தடிப்பையும் அளக்கவேண்டும். சாதாரண றேடியேற்றர் 27 மில்லிமீற்றர், விசிறி 25, கூட்டினால் 52. ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்குவிட் பிறீசர் வரிசையில் றேடியேற்றர் மட்டும் 38 மில்லிமீற்றர், விசிறியோடு 63. இந்தக் கூட்டலைச் செய்யாததனாலேயே நாம் மெமரிச் சட்டத்தில் இடித்துக்கொண்டோம். எயார் கூலருக்கும் அளவு உண்டு. நொக்டுவா என்எச்-டி15 என்பது 165 மில்லிமீற்றர் உயரம். ஒடுங்கிய பெட்டியின் பக்கக் கதவு அதன்மேல் மூடாது. மதர்போட்டின் இருக்கைக்கு ஏற்ற பூட்டுக்கள் கூடவே வருகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஏஎம்5, எல்ஜிஏ 1700 என அவை வேறுபடும்.

நான்காவது கேள்வி: பழுதானால் யார் பார்ப்பார்? எயார் கூலரிற் பழுதாகக் கூடியது விசிறி ஒன்றே. அதனை யாழ்ப்பாண நகரத்திலேயே வாங்கி மாற்றிவிடலாம். லிக்குவிட் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற நேரிடும். ஐந்து, ஆறு ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்த உத்தரவாதம் எங்கே செல்லும்? பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் வாங்கியதற்குக் கொழும்புக்கு அனுப்பவேண்டிவரும். மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்ததற்கு அங்குள்ள உத்தரவாதம் இங்கே செல்லாமலும் போகலாம். வாங்குமுன் கேட்டறிந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடிக்களைத்த பழைய லிக்குவிட் கூலரை மலிவென்று வாங்காதீர்கள். அதனுள் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறதென்பதை எவரும் வெளியிலிருந்து காணமுடியாது.

இன்னொன்று. நீர் குறைந்துவிட்டதென்று கிணற்றுத் தண்ணீரை ஊற்ற எவரும் துணியவேண்டாம். எமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. கேத்திலின் அடியிற் படியும் வெள்ளைப் படை எல்லா வீட்டிலும் உண்டு. தகட்டின் உள்ளேயுள்ள நுண்ணிய வாய்க்கால்களில் அதே படை படியுமாயின் கதை முடிந்தது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருப்பதனால், அரிப்பைத் தடுக்கும் மருந்தும் அதில் கலக்கப்பட்டிருக்கிறது. மூடிய கூலரை மூடியபடியே விடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பராமரிப்பு, எங்கள் செம்மண் தூசியை மாதமொருமுறை தூரிகையால் றேடியேற்றரிலிருந்து நீக்குவதே.

ஐந்தாவது கேள்வியே முதன்மையானது: இந்தக் காசுக்கு வேறு அவசரமான வேலை உண்டா? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. மின் போனால் சேமிக்காத வேலையும் போகும். எமது ஊரிற் கணனிக்கு முதற் காவல் யூபிஎஸ். அடுத்தது தரமான மின்வழங்கி. அதன்பின் போதிய மெமரி. இவை மூன்றும் நிறைந்தபின் காசு மிஞ்சினால், புறோசசரும் வேண்டி நின்றால், லிக்குவிட் கூலரை மகிழ்ச்சியோடு வாங்குங்கள். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று எம் முன்னோர் சொன்னது, நீரை விலைகொடுத்து வாங்கும் இந்த விடயத்துக்கும் பொருந்துகின்றது.

இளைஞர்களே, மின்னுவதில் ஆசை கொள்ளுவது குற்றமன்று. சொந்தக் காசாயின் அது உங்கள் விருப்பம். பிறர் காசாயின், அளந்து பாராமல் ஆசைப்படுவது குற்றம். அக்குற்றத்தை நாம் செய்தோம். பெரியோர்களே, உங்கள் காசில் யூபிஎஸ் வாங்காது விளக்கு வாங்கினோம் என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்ளுகின்றோம். அந்தப் பற்றாக்குறையை நாம் நால்வரும் சொந்தக் கையிலிருந்து நிரப்பி, யூபிஎஸ்ஸைச் சென்ற மாதம் வாங்கி வைத்துவிட்டோம். வந்து பாருங்கள்.

வரும்போது உங்கள் காதையும் கொண்டுவாருங்கள். புத்தகத்தில் நாம் தேடியலைந்த விடையை, இறைப்பு மிசினோடு நாற்பது ஆண்டு பழகிய காது ஒன்று வாசலில் நின்றே சொல்லிற்று. இளைஞரின் கணனியும் பெரியோரின் கைப்பழக்கமும் ஒரே கொட்டிலின்கீழ் இருக்குமாயின், எங்கள் காசும் வீணாகாது, எங்கள் பிள்ளைகளின் வேலையும் நடுவழியில் நில்லாது.