இரண்டரை அடி மேசையும் தொங்கும் கால்களும்



அலுவலகத்துக்கு ஒரு மேசை செய்ய வேண்டும் என்று தச்சரிடம் சொன்னால், நீளம் கேட்பார், அகலம் கேட்பார். உயரத்தை மட்டும் கேட்க மாட்டார். இரண்டரை அடி என்பது அவர் கைக்கே தெரியும். கடையில் வாங்கினாலும் அதே கணக்குத்தான், 75 சென்டிமீட்டர். அங்கே இங்கே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடும், குறையும். அலுவலகத்தில் கழுத்து வலிக்கிறது, தோள்பட்டை இறுகுகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது என்று சொல்பவர்களைப் பார்த்தால் நான் முதலில் அளக்கச் சொல்வது இந்த உயரத்தைத்தான்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. அந்த உயரமுள்ள ஒருவருடைய பாதம் தரையில் நன்றாகப் பதிய வேண்டுமானால், செருப்பின் கனத்தையும் சேர்த்து, இருக்கை சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். கீபோர்டு இருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் மேசை 75-இல் இருக்கிறது. நடுவில் அரை அடி.

அந்தப் பெண் என்ன செய்வார்? தோளைத் தூக்கியபடியே நாள் முழுக்கத் தட்டச்சு செய்வார். அல்லது நாற்காலியை மேலே ஏற்றிக்கொள்வார். கைக்கு உயரம் சரியாகிவிடும், கால் தொங்கும். இருக்கையின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், கால் மரத்துப்போகும். ஊன்ற இடம் தேடிக் கொஞ்ச நேரத்தில் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து வந்துவிடுவார். அப்போது முதுகுக்கும் சாய்மானத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. அவரிடம் போய், “நிமிர்ந்து உட்காரும்மா” என்று சொல்வது நியாயமே இல்லை. அவர் உடம்பு அங்கே வேறு எப்படியும் உட்கார முடியாது.

சரிசெய்ய வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. மர மேசையாக இருந்தால் தச்சரைக் கூப்பிட்டுக் காலை அறுத்து உயரத்தைக் குறைக்கலாம். புதிதாகச் செய்வதானால், உட்காரப்போகிறவரை உட்கார வைத்து முழங்கை உயரத்தை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். மேசையைத் தொட முடியாத இடத்தில், நாற்காலியை ஏற்றிவிட்டுக் காலுக்கு அரை அடி உயரத்தில் ஒரு சாய்வுப் பலகை போடுங்கள். இரண்டு பாதமும் தாராளமாக வைக்க இடம் இருக்க வேண்டும், நழுவக் கூடாது. பழைய கம்ப்யூட்டர் மேசைகளில் கீபோர்டுக்கென்று ஒரு இழுப்புத் தட்டு இருந்ததே, அது நல்ல ஏற்பாடு. பார்வைக்கு அழகில்லை என்று அதை எடுத்துவிட்டது எனக்கு வருத்தம்தான். உயரமானவர்களுக்குத் தொல்லை நேர் எதிராக வரும். அவர்கள் மேசையின் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம்.

இந்தியர்களின் உடல் அளவுகளை, நின்ற நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும், தேபகுமார் சக்ரவர்த்தி தொகுத்து, அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் நூலாகவே வெளியிட்டது. நம் உடம்பின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. அப்படியிருந்தும், இருபது பேர் உள்ள அலுவலகத்துக்கு ஒரே மாதிரி இருபது நாற்காலி வந்து இறங்குகிறது. செருப்பைக்கூட யாரும் இருபது பேருக்கு ஒரே அளவில் வாங்குவதில்லை. அமெரிக்காவில் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இருவர் வடிவமைத்து 1994-இல் வெளிவந்த ‘ஏரான்’ நாற்காலியைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் செய்தார்கள். அதில் பஞ்சு மெத்தை கிடையாது, முதுகுக்கும் இருக்கைக்கும் வலைதான். நம் ஊர் வெயிலுக்கு அந்த வலை எவ்வளவு பொருத்தம் என்பதைப் பழைய அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். பார்வையற்ற தொழிலாளர்கள் பலர் பின்னித் தந்த பிரம்பு அது. காற்று புகும், வேர்வை தங்காது. ரெக்சின் போட்ட மெத்தை நாற்காலி ஏசி அறையிலேயே ஒட்டும். மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்கு அதை வாங்காதீர்கள்.

கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது முதலில் நாற்காலியை முடிந்தவரை கீழே இறக்குங்கள். பல சுழல் நாற்காலிகள் 45 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. குள்ளமானவர்களுக்கு அது அங்கேயே தள்ளுபடி. பிறகு முதுகு சாய்மானத்தில் படும்படி நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் இடத்தை சாய்மானம் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்காத நாற்காலிதான் உங்களிடம் இருக்கிறது என்றால், அதிகாரிகளின் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருப்பார்களே, அந்தத் துண்டைச் சுருட்டி அங்கே வைத்துக்கொள்ளலாம். நன்றாகவே வேலை செய்யும். கைப்பிடி மேசையில் இடித்து உங்களைத் தள்ளி உட்கார வைத்தால், கைப்பிடி இல்லாததே மேல்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் கீழே. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அதை உயரத்தில் வைத்து, தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். சுழல் நாற்காலிக்கு ஐந்து கால் இருக்க வேண்டும், நான்கு கால் உள்ளது கவிழும். வழுவழு டைல்ஸ் தரைக்குக் கடினமான பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கும், ரப்பர் போல மெத்தென்ற சக்கரம் கேளுங்கள். இரும்பு அலமாரியில் கனமான ஃபைல்களைக் கீழ் டிராயரில் வையுங்கள், இரண்டு டிராயரை ஒரே நேரத்தில் இழுக்காதீர்கள், முன்னால் சாய்ந்து ஆள் மேல் விழும். பல்பு மாற்றச் சுழல் நாற்காலி மேல் ஏறுவதை எந்த அலுவலகமும் அனுமதிக்கக் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. நம் அலுவலகங்களில் நாற்காலி பதவியைப் பார்த்து வருகிறது. பாதி நாள் கூட்டங்களுக்காக வெளியே இருக்கும் மேலாளருக்கு உயர்ந்த சாய்மானமுள்ள பெரிய நாற்காலி. எட்டு மணி நேரம் இடத்தை விட்டு நகராத கணக்கருக்கும் தட்டச்சருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. பணம் குறைவாக இருந்தால், அதிக நேரம் உட்காருகிறவருக்கு முதலில் வாங்குங்கள்.

நாற்காலியே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண்களுக்காகக் கேரளத்தில் ‘பெண்கூட்டு’ அமைப்பு போராடியது. 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் வந்தது. எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது இப்போது சட்டம். ஆனால் துணி விரிக்கும் கவுன்டர் மூன்றடி உயரம். அதன் பின்னால் ஒன்றரை அடி ஸ்டூலைப் போட்டால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எழுந்து நின்றாக வேண்டும். கடை உரிமையாளர்களே, 65 சென்டிமீட்டர் உயரத்தில், முதுகுக்குச் சின்ன சாய்மானமும் கால் ஊன்ற வளையமும் உள்ள ஸ்டூலைச் செய்யச் சொல்லுங்கள். அதில் உட்கார்ந்தபடியே அவர்கள் புடவையைப் பிரித்துக் காட்ட முடியும்.