உஜமாவும் நம் பிடியரிசியும்



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தொடங்கியபோது நம்மிடம் நிலமும் இல்லை, நிதியும் இல்லை. உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வைத்தனர் நம் தாய்மார்கள். அந்தப் பிடியரிசியை விற்ற காசில்தான் இரவுப் பள்ளியின் முதல் விளக்கு எரிந்தது. இத்தகைய கூடி வாழும் பண்பை ஒரு நாட்டின் கொள்கையாகவே ஆக்க முயன்ற ஓர் ஆசிரியரைப் பற்றி இன்று பேச விழைகிறோம்.

அவர் ஜூலியஸ் நைரேரே. 1961-இல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்று, 1964-இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆகிய நாட்டின் தலைவர். பள்ளியில் பாடம் நடத்தியவர். ஆட்சிக்கு வந்த பின்னும் மக்கள் அவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர் என்றே அழைத்தனர். (நம் தொழிலுக்கு இதைவிடப் பெருமை ஏது?) 1967-இல் அருஷா அறிக்கையின் வழியே அவர் நாட்டின் முன் வைத்த சொல் 'உஜமா'. சுவாகிலி மொழியில் அதற்குக் குடும்பப் பிணைப்பு என்பது பொருள். நிலம் பொது, உழைப்பு எல்லார்க்கும் கடன். விருந்தினரை இரண்டு நாள் உபசரி, மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு என்பது அம்மக்களின் பழமொழி.

பழமையைப் போற்றிய அவர் அதன் குறையை மறைத்தாரில்லை. பழைய ஆப்பிரிக்கக் குடும்பத்தில் பெண்ணுக்குச் சமநிலை இல்லை என்று அதே ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். நம் நாட்டில் பண்டைய கிராம ஒற்றுமையைப் புகழ்ந்தவருள் எத்தனை பேர் சேரியை நினைத்தனர்? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைக் கண்டித்ததன் காரணத்தை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் நைரேரேயின் ஆட்சியும் தவறியது. ருவுமாப் பகுதியில் லிட்டோவா முதலிய ஊர்களில் மக்கள் தாமே கூடிப் பயிரிட்டனர். தமக்கெனப் பள்ளியும் நடத்தினர். தன் கட்டுக்குள் அடங்காத அந்தச் சங்கத்தை ஆளுங்கட்சி 1969-இல் கலைத்துவிட்டது! 1973-இல் எல்லாரும் புதிய ஊர்களில் குடியேறியே தீரவேண்டும் என்று ஆணை பிறந்தது. மறுத்தோரின் வீடுகள் சில இடங்களில் எரிக்கப்பட்டன. விளைச்சல் குன்றியது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. எழுத்தறிவு மட்டும் பெரிதும் வளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் சங்கத்துக்கு வருவோம். பிடியரிசி தருமாறு நம் தாய்மார்களுக்கு எவரும் ஆணையிடவில்லை. ஆனால் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்கூட அமர்ந்ததில்லை. இக்குறையில் நமக்கும் பங்குண்டு. குழுவில் பாதி இடங்களைப் பெண்களுக்கு அளிக்கும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறோம். வழிமொழிய இளைஞர் ஒருவர் முன்வர வேண்டுகிறோம்.