நாற்காலி அடுக்கிய பிள்ளை
(ஈசூனில் நடந்த பொன்விழாக் குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

தஞ்சோங் பகாரிலும் சிராங்கூன் சாலையிலும் நெருக்கமாகக் குடியிருந்த காலத்தில், ஒரு வீட்டின் அழுகுரல் பத்து வீட்டுக்குக் கேட்டது. 1988 இறுதியில் எம்ஆர்டி ரயில் ஈசூனுக்கு வந்தபோது, நம் குடும்பங்கள் பல வீவக வீடுகளுக்கு மாறியிருந்தன. வசதி கூடியது. கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது தெரியாமலும் போனது.

ஜனாஸாச் செலவு, கல்வி நிதி, ரமலான் கஞ்சி என்று இந்த 50 ஆண்டுகளில் நாம் செய்தவை இம்மலரில் உள்ளன. நாம் தவறியதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம்.

நமது துணைப்பாட வகுப்புக்குத் தொடக்கநிலை நான்கு படிக்கும் பிள்ளை ஒருவன் வந்தான். வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவான், பலகையைத் துடைப்பான், கடைசி ஆளாகக் கிளம்புவான். "என்ன பொறுப்பான பிள்ளை!" என்று பாராட்டினோம். சில மாதங்கள் கழித்து அவனுடைய தாயார் கன்னத்தில் காயத்தோடு நம்மிடம் வந்தார். நாம் தகப்பனாரை அழைத்துப் புத்தி சொன்னோம். தாயாரிடம், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். நல்லது செய்ததாகவே எண்ணினோம். புகார் சொன்னதற்காக அன்றிரவும் அவருக்கு அடி விழுந்தது. பையன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவன் நாற்காலி அடுக்கியது வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான். அது நமக்குப் பிறகுதான் விளங்கியது.

அடி வாங்கும் பிள்ளைக்கு மட்டும்தான் பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். அடுத்த அறையில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் பிள்ளையும் பாதிக்கப்பட்ட பிள்ளைதான். திடீரெனப் படிப்பில் பின்தங்குவது, காரணமில்லாமல் வயிறு வலிப்பது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, தம்பி தங்கையை அடிப்பது, அளவுக்கு மீறி அமைதியாக இருப்பது ஆகியவை அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. நம் திருமண, மணவிலக்கு விவகாரங்கள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போவதால், மாதர் சாசனத்தின் பாதுகாப்பு நமக்கில்லை என்பது அது. அப்படியல்ல. குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவு முஸ்லிம்களுக்கும் உண்டு. குடும்ப நீதிமன்றம் அதை வழங்குகிறது. அதைக் கேட்பதால் மணவிலக்கு ஆகிவிடாது. 2023இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் வன்முறைதான் என்று அது தெளிவாகச் சொல்கிறது. 18 வயது ஆனவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்காகப் பெரியவர்கள் விண்ணப்பிக்கலாம்.

ஒரு பிள்ளை நம்மிடம் வாய் திறந்தால் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். "உன்மேல் தப்பில்லை, சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அடித்தவரிடம் நேரே போய் நியாயம் கேட்காதீர்கள். அந்தக் கோபம் பிள்ளைமீதுதான் இறங்கும். தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800-777-0000 இரவும் பகலும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தென்றால் 999. அங் மோ கியோவில் 1999இல் தொடங்கிய பேவ் போன்ற நிலையங்களில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் வேலையை நாம் செய்ய முடியாது. ஆனால் தாயாரோடு துணைக்குப் போகலாம். தமிழில் எடுத்துச் சொல்லலாம். பிள்ளையின் படிப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்ளலாம். "குடும்ப மானம் போச்சே" என்று பேசுகிற வாயை அடக்கலாம்.

தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னவருக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த மறுமொழியை நாமெல்லாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். அது நம் வீட்டுக்கும் பொருந்தும், அடுத்த வீட்டுக்கும் பொருந்தும்.

இனி நம் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது நாற்காலி அடுக்கிக்கொண்டு நின்றால், பக்கத்தில் நாமும் ஒரு நாற்காலி போட்டு உட்காருவோம், இன்ஷா அல்லாஹ்.