சேர்விலக்கமும் வரியிலக்கமும்



எங்கள் பாடசாலையின் சேர்வு இடாப்பு தடித்த மட்டையிட்ட பெரியதொரு புத்தகம். புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே அதில் ஓர் இலக்கம் எழுதப்படும். அவ்விலக்கம் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்றோ மந்தன் என்றோ கூறுவதில்லை; இவன் இப்பாடசாலைக்கு உரியவன் என்று மாத்திரமே கூறும். சித்தியும் தவறுதலும் பின்னர் அவன் எழுதும் விடைத்தாளைப் பொறுத்தவை.

இவ்வுவமையைத் தேட என்னைத் தூண்டியவன் பழைய மாணவன் ஒருவன். அவன் எங்கள் ஊர்ச் சந்தியில் பலசரக்குக் கடை நடத்துபவன். ஒருநாள் மாலை மிக்க கலக்கத்தோடு என் வீட்டுக்கு வந்தான். "ஐயா, மொத்த வியாபாரி காசோலை கேட்கிறார். நடைமுறைக் கணக்குத் திறக்கப் போனால், வரி இலக்கம் கொண்டுவரும்படி வங்கியில் சொல்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் வரியும் கட்டத்தானே வேண்டும்? வருடத்துக்கு அறுபது இலட்சம் வியாபாரம் என்று அறிந்தால் என்னை விடுவார்களா?" என்றான்.

கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவன் கொண்டுவந்ததோ பற்றுச்சீட்டுகள் நிறைந்த ஒரு பிஸ்கட் பெட்டி! இருவருமாக இரண்டு இரவுகள் அமர்ந்து கூட்டினோம். விற்பனை 60 இலட்சம் ரூபா. சரக்குக் கொள்முதல் 51 இலட்சம். வாடகை, மின்சாரம், உதவியாளனின் சம்பளம் ஆகியன 3 இலட்சம். எஞ்சியது 6 இலட்சமே. வருமான வரி கணிக்கப்படுவது விற்பனையின் மீதன்று, செலவு போக எஞ்சும் இலாபத்தின் மீதே என்பதை அவன் அன்றுதான் உணர்ந்தான்.

வருமான வரி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1932 ஆம் ஆண்டிலேயே சட்டமாக வந்தது. 18 வயது நிறைந்தோர் யாவரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற விதி 2024 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்தோருக்கு வழங்கப்படுவதே வரி செலுத்துநர் அடையாள இலக்கம். அதற்குக் கட்டணம் இல்லை. தனியொருவர் நடத்தும் கடையாயின் இலக்கம் கடைக்கன்று, உரிமையாளருக்கே உரியது. பங்குடைமைக்கும் கம்பனிக்கும் வேறு இலக்கம் வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருப்பது இதற்கு ஈடாகாது.

இனி, வரி எப்போது வரும்? 2025 ஏப்பிரல் 1 இல் தொடங்கிய வரிமதிப்பாண்டு முதல், நாட்டில் வதியும் தனியாளின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. முன்னர் இவ்வெல்லை 12 இலட்சமாக இருந்தது. இலாபம் 20 இலட்சமாக உயர்ந்தாலும், மேலதிகமான 2 இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம், அதாவது 12,000 ரூபாவே வரி. மாதத்துக்கு ஆயிரம் ரூபா! என் மாணவனோ எல்லைக்கு வெகு கீழே நிற்பவன்.

இலக்கத்தால் நன்மையும் உண்டு. 2025 ஏப்பிரல் முதல் வங்கி வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் முற்பணமாகக் கழிக்கப்படுகின்றது. வருமானம் எல்லையைத் தாண்டாதவர் தம் இலக்கத்தைக் குறித்து வங்கிக்கு வெளிப்படுத்துகை அளித்தால், அக்கழிவைத் தவிர்த்துக்கொள்ளலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை: விவரத்திரட்டுக் கோரித் திணைக்களம் அறிவித்தல் அனுப்பினால், வரியில்லை என்று எண்ணி அதனை ஒதுக்கி வைத்தல் ஆகாது. மறுமொழி உரிய காலத்தில் போய்ச் சேரவேண்டும்.

அலுவலரின் கடமையையும் சொல்லாது விடுதல் நீதியன்று. சிறு வியாபாரி அஞ்சுவது வரிக்கு மாத்திரமன்று. விளங்காத படிவத்துக்கும் கடுஞ்சொல்லுக்குமே பெரிதும் அஞ்சுகிறான். அவனுடைய மொழியில், அமைதியாக, ஒருமுறைக்கு இருமுறை விளக்குவோரே அரசின் மீது நம்பிக்கையை வளர்ப்பவராவர்.

என் மாணவன் இலக்கத்தைப் பெற்றான், கணக்கையும் திறந்தான். அதனினும் எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. பிஸ்கட் பெட்டி இருந்த இடத்தில் இன்று நாட்பதிவேடு ஒன்று இருக்கின்றது. ஊரார் தனக்குத் தரவேண்டிய கடன் எவ்வளவு என்பதையும் அவன் அதிலேதான் முதன்முதலாகக் கண்டானாம். சேர்விலக்கம் ஒருவனைப் பாடசாலைக்குள் சேர்க்கும். விடைத்தாளை எழுத வேண்டியவன் அவனே. வியாபாரிக்கு அவ்விடைத்தாள் அவனது கணக்குப் புத்தகம். அதனை இன்றிரவே தொடங்குங்கள், நேயர்களே.