கட்டற்ற மென்பொருளும் பாயிரமும்

(நுகேகொடையில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இளைஞருக்குப் பழக்கமானது. பெரியோர்க்குப் புதியதாகத் தோன்றக்கூடியது. ஆயினும் அதன் உட்கருத்து பெரியோர்க்கே நன்கு தெரிந்த பழைய கருத்து என்பதைச் சிறிது நேரத்திற் காட்டலாமென எண்ணுகின்றோம்.

கணினியை இயக்கும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை எழுதியவர் அவற்றைப் பூட்டி வையாது, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடுவாராயின், அது கட்டற்ற மென்பொருள் அல்லது திறந்த மூல மென்பொருள் எனப்படும். பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையினது. நம்மிற் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் அண்ட்ரொயிட் தொலைபேசிக்கும் அதுவே அடித்தளம்.

இத்துறையில் நமது நாடும் பின்நிற்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி, இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு, காலி எனக் கரையோரமெங்கும் அகதி முகாம்கள் எழுந்தன. காணாமற் போனவர் எவர், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே எப்பொருள் வேண்டும், எந்த நிறுவனம் எவ்விடத்தில் உதவுகின்றது என்பனவற்றை ஒழுங்காகப் பதிந்து வைக்க, இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் தொண்டர்களாகக் கூடிச் சில வாரங்களில் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்குச் 'சஹனா' என்று பெயரிட்டனர். நிவாரணம் என்னும் பொருள்படும் சிங்களச் சொல் அது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு அதனைப் பேணி வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும், இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூகம்பத்தின் போதும், 2010இல் ஹெயிற்றிப் பூகம்பத்தின் போதும் அது பயன்பட்டது. சமுதாய நலனுக்கான மென்பொருளுக்கெனக் கட்டற்ற மென்பொருள் நிறுவனம் வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. இலங்கையில் எழுதிய மென்பொருளை வேற்று நாட்டவர் ஒருவர், அதுவும் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில், எப்படி எடுத்து ஆளுவது? எழுதியவர் அருகில் இல்லை. எழுதிய விளக்கமே அங்கு துணை. அவ்விளக்கம் தெளிவாக இருப்பின் முகாமில் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைப் பட்டியலிற் காண்பாள். தெளிவற்றிருப்பின் நல்ல மென்பொருளும் நாலு நாள் வீணே கிடக்கும். ஆதலின் விளக்கம் எழுதுதல் வேலை முடிந்தபின் செய்யும் அலங்காரமன்று; வேலையின் ஒரு பாதி.

நம் பக்கத்து நிலைமை என்ன? கங்கொடவிலையிலும் மொறட்டுவையிலும் நாவலையிலும் ஆண்டுதோறும் மாணவர் செய்திட்டங்கள் எழுகின்றன. அவற்றிற் பல, ஒரு பெயரும் நூறு கோப்புகளுமாக இணையத்தில் ஏற்றப்படுகின்றன. இது என்ன, யாருக்கு, எப்படி இயக்குவது என்று ஒரு வரியுமில்லை. புள்ளி கிடைத்ததும் அவை மறக்கப்படுகின்றன. மறு ஆண்டு மாணவன் அதே வேலையை அடியிலிருந்து தொடங்குகின்றான். விளக்கை ஏற்றி மரக்காலால் மூடலாமோ என்று மிசன் பாடசாலையிலே நமக்குக் கற்பித்தார்கள்; குடத்துள் விளக்கு என்று வீட்டிலே நம் பாட்டிமார் சொன்னார்கள். இரண்டும் ஒன்றே.

இதற்கு மருந்து நம் இலக்கணத்திலேயே உண்டு. ஒரு நூலுக்கு முகப்பாகப் பாயிரம் வேண்டுமென்றும், எத்துணை விரிந்ததாயினும் பாயிரமில்லாதது நூலாகாதென்றும் நன்னூலார் விதித்தார். சிறப்புப் பாயிரத்தில் அவர் கேட்பவை எட்டு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். மென்பொருளின் முகப்பில் 'ரீட்மீ' என்று வைக்கும் கோப்பு இப்பாயிரமன்றி வேறென்ன?

பெயரைச் சொல்லுங்கள். யார் எழுதினார், ஐயம் தோன்றின் யாரைக் கேட்பது என்று சொல்லுங்கள். எந்த மென்பொருளைத் தழுவி எழுந்தது, வேறு எவற்றை முன்னரே நிறுவ வேண்டும் என்பது வழி. உள்ளே எக்கோப்பு எங்கே இருக்கின்றது என்பது யாப்பு. என்ன செய்கின்றது, யாருக்காக, அவர்க்கு என்ன நன்மை என்பன எஞ்சிய மூன்று. இவற்றை முதற் பத்தியிலேயே, ஒரு படத்தோடும் ஓர் உதாரணத்தோடும் வைத்தால் வருபவர் அரை நிமிடத்தில் அறிந்துகொள்வார்.

எல்லையைத் தனியே வற்புறுத்துகின்றோம். எங்கே இயங்கும் என்பதோடு எங்கே இயங்காது என்பதையும் சொல்ல வேண்டும். டோர்வால்ட்ஸ் தம் முதல் அறிவிப்பிலேயே, இது பொழுதுபோக்காகச் செய்வது, இன்ன வகைக் கணினிக்கே உரியது என்று ஒளியாமற் கூறினார். குறையை முன்னே சொன்னவரிடம் உலகம் நம்பிக்கை வைத்தது. குறையை நீக்க ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர்.

நன்னூலார் காலத்தில் வேண்டியிராத ஒன்பதாவதும் ஒன்றுண்டு. அது உரிமம். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பதிப்புரிமை தருகின்றது. ஆகவே நிரலை வெளியே வைத்துவிட்டால் மாத்திரம் அது பொதுச்சொத்தாகாது. இன்ன உரிமத்தின்கீழ் வழங்குகின்றோம் என்று எழுதாதவிடத்து, நேர்மையானவர் அதைத் தொட அஞ்சுவர். கதவைத் திறந்து வைத்தோம், ஆனால் 'வாருங்கள்' என்று சொல்லவில்லை என்பதே அதன் பொருள்.

மொழியையும் மறத்தலாகாது. சுனாமியில் அடிபட்ட ஊர்களிற் பல தமிழூர்கள். அங்கே பதிவேட்டை நிரப்பும் பிள்ளைக்கு ஆங்கில விளக்கம் மட்டும் போதுமா? ஆங்கிலம் உலகுக்காக இருக்கட்டும்; தமிழும் சிங்களமும் நம் அயலவருக்காக அதன் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி, நம் சங்கம் செய்யத்தக்கது என்ன? இளைஞர் ஒவ்வொருவரும் தாம் முன்பு செய்த ஒரு செய்திட்டத்தை எடுத்துப் பாயிரம் எழுதுக. நிறுவும் முறையை வேறொருவர் கணினியில், வாய் திறவாமல் அருகிலிருந்து சோதித்துப் பார்க்க. அவர் தடைப்படும் இடமே விளக்கம் பிழைத்த இடம். பெரியோர்களே, கணினி தெரியாதென்று ஒதுங்காதீர்கள். எம் பாயிரத்தை நீங்கள் படித்து, 'தம்பி, இந்த வரி விளங்கவில்லை' என்று சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த பரீட்சை எமக்கு வேறில்லை.

கோயிலுக்குக் கிணறு வெட்டினால் போதாது. கயிறும் வாளியும் வைக்க வேண்டும். அவ்வளவே நாம் சொல்ல வந்தது.